கண்ணாடி யாருக்காகப் பார்க்கிறது?

(இறுதியாண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் பிரிவு)



கண்ணாடி என்றால் பார்வை மங்கியவர்கள் போடுவது என்றுதான் எங்கள் ஜவ்வாது மலையில் இன்றைக்கும் எண்ணம். ஆனால் இப்போது வருகிற கண்ணாடி நாம் பார்ப்பதற்கு மட்டுமல்ல, அதுவே பார்க்கிறது! எதிரே உள்ள மேசை எவ்வளவு தூரம், தலையை எந்தப் பக்கம் திருப்பினோம், என்ன பேசினோம் என்று எல்லாவற்றையும் உணர்ந்து, அதற்கேற்ப எழுத்தையும் படத்தையும் கண்முன் மிதக்க விடுகிறது. ஆக்மென்டட் ரியாலிட்டி என்கிறார்கள். தமிழில் மிகை மெய்ம்மை. இது முதலில் நம்மைப் போன்ற டிப்ளமோ மாணவர்கள் கைக்குத்தான் வரவேண்டும் என்பது என் கட்சி. வசதியான வீட்டுப் பிள்ளைகள் ரீல்ஸ் எடுப்பதற்கு அல்ல.

ஏன் என்று கேட்பீர்கள். அந்தப் பெயரே ஒரு தொழிற்சாலையில் பிறந்ததுதான். 1990 வாக்கில் அமெரிக்காவின் போயிங் விமானக் கம்பெனியில் டாம் காடெல் என்பவர் வைத்தது. விமானத்துக்குள் போகும் வயர்களைப் பெரிய பலகைகளின் மேல் அடுக்கிக் கட்டுவார்கள். தொழிலாளி தாளைப் பார்ப்பார், பலகையைப் பார்ப்பார், மறுபடியும் தாளைப் பார்ப்பார். வயர் போகும் வழியை அவர் கண்ணுக்கு முன்னாலேயே காட்டினால் என்ன? 1992-ல் காடெலும் டேவிட் மிசெலும் இதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். ஆக, இது பொழுதுபோக்குக் கருவி இல்லை. வயர் கட்டுகிறவனுக்காக யோசித்த கருவி.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தது நான்தான். அப்பாவுக்குச் சாமைக் கதிரைக் கையில் கசக்கிப் பார்த்தே அறுப்புக்கு நாள் சொல்லத் தெரியும். ஆனால் பிரெட்போர்டில் எந்த ஓட்டையும் எந்த ஓட்டையும் உள்ளே சேர்ந்திருக்கிறது என்று அவரிடம் போய்க் கேட்க முடியுமா? லேபில் ஒரு மேசைக்கு ஆறேழு பேர். முன்னால் நிற்பவன் கை வைக்கிறான், பின்னால் நிற்பவன் ரீடிங்கை மட்டும் எழுதிக்கொள்கிறான். பின்னால் நிற்பவன் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. "இந்த ரெசிஸ்டரை இங்கே சொருகு, இப்ப சப்ளையைப் போடாதே" என்று தோளுக்குப் பக்கத்தில் நின்று தமிழில் சொல்ல ஓர் ஆள் அவனுக்கு வேண்டும். அந்த வேலையைக் கண்ணாடி செய்யலாம்.

எப்படி உணர்கிறது? கருவிக்குள் ஒரு சின்ன சிப்பில் ஜைராஸ்கோப்பும் ஆக்ஸிலரோமீட்டரும் இருக்கின்றன. தலை எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்பதை அவை சொல்லும். ஆனால் ஜைரோவை மட்டும் நம்பினால் கணக்கு கொஞ்சம் கொஞ்சமாக நழுவிப்போகும். மேசை மேல் நின்ற அம்புக்குறி சற்று நேரத்தில் சுவர் மேல் நிற்கும்! அதனால் கேமரா, மேசை முனை, கதவு மூலை போன்ற அசையாத புள்ளிகளைப் பிடித்து அந்த நழுவலைத் திருத்திக்கொண்டே இருக்கிறது. இன்னொரு சென்சார் ஒளியை அனுப்பி, அது பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரம் அளக்கிறது. 1968-ல் இவான் சதர்லாண்ட் இதே வேலைக்குக் கூரையிலிருந்து ஓர் இயந்திரக் கையையே தொங்கவிட வேண்டியிருந்தது.

விலைதான் கழுத்தை நெரிக்கிறது. மைக்ரோசாப்டின் ஹோலோலென்ஸ் 2, 2019-ல் வந்தபோது 3500 டாலர். எடை 566 கிராம். 2024-ல் உற்பத்தியையே நிறுத்திவிட்டார்கள். கூகுள் கிளாஸ் 2013-ல் 1500 டாலருக்கு வந்தது. 2023-ல் அதன் கதையும் முடிந்தது. 2025 செப்டம்பரில் மெட்டா அறிவித்த டிஸ்ப்ளே கண்ணாடி 69 கிராம்தான், ஆனால் 799 டாலர். இப்படிக் கம்பெனி கடையை மூடினால் நம் லேபில் இருப்பது அலமாரிச் சாமான். பல லட்சம் கொடுத்து வாங்கிப் பூட்டி வைக்காதீர்கள் என்றுதான் நான் சொல்வேன்.

செய்ய முடியாதா? எங்கள் மலையிலேயே காவலூரில் ஒரு சாட்சி நிற்கிறது. வைணு பாப்பு தொலைநோக்கி. 2.34 மீட்டர் குறுக்களவுள்ள அதன் ஆடியை இந்தியாவிலேயே தேய்த்து மெருகேற்றினார்கள். 1986-ல் திறந்தார்கள், அதைக் கனவு கண்ட வைணு பாப்பு 1982-லேயே இறந்துவிட்டார். அடிவாரத்துப் பையன்கள் "மலைக்காரன்" என்று கிண்டல் செய்தால் இதைச் சொல்லுங்கள்.

இனி நான் பயப்படுகிற விஷயம். 2018-ல் சீனாவின் செங்சோ ரயில் நிலையத்தில் போலீசார் முகம் அடையாளம் காணும் கண்ணாடி போட்டு நின்றார்கள். 2024-ல் ஹார்வர்ட் மாணவர்கள் இரண்டு பேர், கடையில் விற்கும் கண்ணாடியையே வைத்து, எதிரே வருகிற முன்பின் தெரியாதவரின் பெயரையும் முகவரியையும் எடுத்துக் காட்டினார்கள். எச்சரிக்கையாகத்தான் செய்தார்கள், சரி. ஆனால் 2015 ஏப்ரல் 7-ஐ எங்கள் மலை மறக்கவில்லை. செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சேஷாசலக் காட்டில் ஆந்திர போலீசார் 20 பேரைச் சுட்டுக் கொன்றார்களே, அதில் ஜவ்வாது மலைக்காரர்களும் உண்டு. ஒருத்தனின் முகமும் ஊரும் சந்தேகத்துக்குப் போதும் என்று ஆனால் என்ன ஆகும் என்பதை எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். அந்தச் சந்தேகத்தை ஒரு கண்ணாடி நொடியில் சொல்லும், தப்பாகவும் சொல்லும். 2023-ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறதே என்பார்கள். அரசு அமைப்புகளுக்கு விலக்கு தரும் வழியும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது.

ஆகவே நாம் செய்யும் கண்ணாடியில் கேமரா வேண்டாம் என்கிறேன். நண்பர்கள் சிரிக்கிறார்கள். யோசித்துப் பாருங்கள், பிரெட்போர்டுக்கு வழிகாட்ட எதிரே நிற்பவன் முகம் எதற்கு? ஒரு எம்.பி.யு.-6050 சிப், ஒரு லேசர் தூர சென்சார், ஒரு சின்ன ஓ.எல்.இ.டி. திரை, ஒரு மைக்ரோகண்ட்ரோலர், சாய்த்து வைக்க ஒரு துண்டு ஒளிபுகும் அக்ரிலிக். கண்ணுக்கு மூன்று சென்டிமீட்டரில் இருக்கும் எழுத்தை யாராலும் படிக்க முடியாது. அதனால் நடுவில் ஒரு குவிலென்ஸ். அக்ரிலிக்கில் எழுத்து இடவலமாக மாறித் தெரியும், புரோகிராமில் திருப்பிவிடலாம். கேமரா இல்லாததால் அம்பு கொஞ்சம் நழுவும்தான். ஒரு பட்டனை அமுக்கி நேராக்கிக்கொள்வோம். இன்டர்நெட்டும் வேண்டாம். எங்கள் ஊரில் சிக்னல் பிடிக்கப் பாறை மேல் ஏற வேண்டும், அங்கேயும் இது வேலை செய்யணும்.

இந்த ஆண்டு பிராஜெக்டாக இதைத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். குழுவில் இதுவரை இரண்டு பேர். நான்கு பேர் வேண்டும். மெக்கானிக்கல் பிரிவில் பிரேம் செய்யத் தெரிந்த நண்பர் யாராவது இருந்தால் சனிக்கிழமை மதியம் எங்கள் லேபுக்கு வாருங்கள். பேரவைக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த மலரின் அச்சுச் செலவில் நாலு கலர் பக்கத்தைக் குறைத்தால் எங்கள் பாகங்களுக்குப் பணம் வந்துவிடும்.