பதினோரு மணி தடிப்புக்கு ஏழு மணி பர்கர்தான் காரணம்

கோட் கிராஷ் ஆனா நாம எல்லாரும் முதல்ல கடைசி வரியைத்தான் பார்ப்போம். ஆனா பாதி நேரம் தப்பு அங்க இருக்காது. போன செமஸ்டர் ப்ராஜெக்ட்ல இதுக்கே எனக்கு நாலு நாள் போச்சு. ஒரு அலர்ஜியைப் பத்திப் படிச்சப்போ அதான் ஞாபகம் வந்தது.

அமெரிக்காவுல வர்ஜீனியா பக்கம் ஒரு எட்டு வயசுப் பையனை நினைச்சுக்கோங்க. ராத்திரி ஏழு மணிக்கு மாட்டிறைச்சி பர்கர் சாப்பிடுறான். பதினோரு மணிக்கு உடம்பெல்லாம் தடிப்பு, அரிப்பு, வயித்து வலி. அம்மா அப்பா சோப்பைச் சந்தேகப்படுவாங்க, பெட்ஷீட்டைச் சந்தேகப்படுவாங்க. பர்கரை யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. அவன் வருஷக்கணக்கா சாப்பிடுறதுதானே?

நடுவுல நடந்தது ஒரு உண்ணிக்கடி. அந்தப் பக்கம் இருக்கிற லோன் ஸ்டார் உண்ணி கடிச்சா, ஆல்ஃபா-கால்ங்கிற ஒரு சர்க்கரைக்கு எதிரா சிலர் உடம்புல ஐஜிஇ ஆன்டிபாடி உருவாகுது. மாடு, ஆடு, பன்றி இறைச்சியில இந்தச் சர்க்கரை உண்டு. மனுஷங்க உடம்புல இல்லை, கோழி, மீன்லயும் இல்லை. வேர்க்கடலை அலர்ஜி மாதிரி சில நிமிஷத்துல இது காட்டாது, மணிக்கணக்கா ஆகும். சிலருக்கு மூச்சுத்திணறல், அனாஃபிலாக்ஸிஸ் வரைக்கும் போகும்.

இதைக் கண்டுபிடிச்ச கதையே தற்செயல்தான். செடுக்ஸிமாப்ங்கிற புற்றுநோய் மருந்து சிலருக்கு ஏன் ஒத்துக்கலைன்னு தேடினப்போ, வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் தாமஸ் பிளாட்ஸ்-மில்ஸ் குழு 2008-ல் ஆல்ஃபா-கால்ல வந்து நின்னாங்க. அடுத்த வருஷம் இறைச்சித் தொடர்பு வெளிவந்தது. 2013-ல் அதே பல்கலைக்கழகத்துல இருந்து 45 குழந்தைகளைப் பத்தி ஆய்வு வந்தது. பெரும்பாலானவங்களுக்குச் சாப்பிட்டு 3 முதல் 6 மணி நேரம் கழிச்சுத்தான் தொந்தரவு வந்திருக்கு.

என் சண்டை டெஸ்ட்டை மட்டுமே நம்புறதோட. இறைச்சிச் சாறு வெச்சுத் தோல்ல குத்திப் பார்க்கிற டெஸ்ட்ல இது பல தடவை சரியாத் தெரியாது. 'அலர்ஜி இல்லை'ன்னு பேப்பரோட வீட்டுக்கு வந்துடலாம். ஆல்ஃபா-காலுக்குன்னே ரத்தப் பரிசோதனை இருக்கு. அதுலயும் ஒரு சிக்கல்: அந்த ஐஜிஇ இருந்தும் இறைச்சி சாப்பிட்டு நல்லாவே இருக்கிறவங்க நிறைய. அந்த நம்பரை மட்டும் வெச்சு ஒரு குழந்தையோட தட்டுல இருந்து இறைச்சியை எடுக்கிறதும் தப்புதான்.

ஆக முதல்ல வேண்டியது ஒரு கேள்வி: "நாலஞ்சு மணி நேரத்துக்கு முன்னாடி என்ன சாப்பிட்ட? சமீபத்துல உண்ணி கடிச்சதா?" இதைக் கேட்க அரை நிமிஷம் போதும். டாக்டருக்கு நேரமில்லைங்கிற சமாதானத்தை நான் ஏத்துக்க மாட்டேன். ஆனா நோயோட பேரே தெரியாதவர் எப்படிக் கேட்பார்? 2023-ல் அமெரிக்காவின் சிடிசி வெளியிட்ட சர்வேல, மருத்துவம் பார்க்கிறவங்கள்ல 42 சதவீதம் பேர் இதைக் கேள்விப்பட்டதே இல்லைன்னு சொல்லியிருக்காங்க.

அதனால அந்தப் பையனோட அம்மாகிட்ட நான் கேட்கிறது ஒரு நோட்டுதான். சாப்பிட்ட நேரம், சாப்பிட்டது என்ன (ஜெலட்டின் மிட்டாய் உட்பட), தடிப்பு வந்த நேரம். அதை எடுத்துட்டுப் போய் டாக்டர் மேஜையில விரிச்சு வைக்கணும்.