ஆறாவது பண்ணையார் எதுக்கு?

1945இல் போரில் ஜெயித்தவன் தன் பேருக்கு எழுதிக்கொண்ட பட்டா, ஐ.நா. பாதுகாப்பு சபையின் வீட்டோ. அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரிட்டன், பிரான்ஸ் - ஐந்து பேருக்கு மட்டும். அன்று உறுப்பு நாடுகள் 51, இன்று 193. ஆப்பிரிக்காவில் மட்டும் 54 நாடுகள், நிரந்தர இடம் ஒன்றுகூட இல்லை.

இதைச் சொன்னா நம்ம படித்த நண்பர்கள், "அதனாலதான் இந்தியாவுக்கும் நிரந்தர இடம் கேட்கிறோம்" என்கிறார்கள். ஐந்து பண்ணையார் ஆளுகிற ஊருக்கு ஆறாவது பண்ணையார் வந்தா கூலிக்காரனுக்கு என்ன லாபம்?

1994இல் ருவாண்டாவும் பாதுகாப்பு சபையில் இருந்தது. துட்சி மக்கள் வெட்டிச் சாய்க்கப்பட்டுக்கொண்டிருந்த ஏப்ரல் 21 அன்று, அங்கிருந்த ஐ.நா. படையைச் சுமார் 270 பேராகக் குறைக்கச் சபை ஒருமனதாகத் தீர்மானித்தது. கை தூக்கியவர்களில் ருவாண்டா அரசின் பிரதிநிதியும் ஒருவர். கொன்றவனுக்கு நாற்காலி இருந்தது, செத்தவனுக்கு இல்லை. அரசுக்குக் கிடைக்கிற இடம் மக்களுக்குக் கிடைத்த இடம் ஆகாது தோழர்களே.

எங்க வங்கியில் மேனேஜர் தன் கடனுக்குத் தானே சாங்ஷன் போட முடியாது. உலக சமாதானத்துக்கு அந்த ஒழுங்குகூடக் கிடையாது. 2022 பிப்ரவரி 25 அன்று, உக்ரைனுக்குள் படையை ஏவிய ரஷ்யாவே அதற்கெதிரான தீர்மானத்தைக் கொன்றது. அந்த மாதம் சபைக்குத் தலைமையும் அதுதான்! 2023 டிசம்பர் 8 அன்று, காசாவில் போரை நிறுத்தச் சொன்ன தீர்மானத்துக்கு 15இல் 13 நாடுகள் ஆதரவு. பிரிட்டன் ஒதுங்கிக்கொண்டது. அமெரிக்காவின் ஒற்றைக் கை அதைச் சாகடித்தது.

சாசனத்தைத் திருத்தலாமே? 108ஆம் பிரிவுப்படி மூன்றில் இரண்டு பங்கு நாடுகளோடு அந்த ஐந்தும் ஒத்துக்கொள்ளணும். பூட்டும் அவன்கிட்ட, சாவியும் அவன்கிட்ட.

அதுக்காக ஐ.நா.வையே இழுத்து மூடு என்பது வல்லரசுகளுக்குத்தான் வசதி. 1963இல் பொதுச்சபை, பாதுகாப்பு சபையின் 11 இடங்களை 15 ஆக்கத் தீர்மானம் போட்டது. ஐவரில் சீன இடத்தில் இருந்தவர் மட்டுமே ஆதரித்தார். மற்றவர்கள் எதிர்த்தார்கள், அல்லது விலகி நின்றார்கள். ஆனா 1965க்குள் ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டார்கள். புதுசா விடுதலை பெற்ற ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் சேர்ந்து கொடுத்த நெருக்கடி அது. சின்ன நாடான லீக்டன்ஸ்டைன் முன்னின்று 2022 ஏப்ரலில் நிறைவேற்றிய தீர்மானப்படி, எவன் வீட்டோ போட்டாலும் 10 வேலை நாளுக்குள் பொதுச்சபை கூடி அதை விவாதிக்கும். வீட்டோ போகவில்லைதான். ஆனா கமுக்கமாக் கழுத்தறுப்பது இனி நடக்காது.

இந்த வழியில்தான் நெருக்கணும். இந்தியா பொதுச்சபையில் எழுந்து நின்று, "எனக்கும் வீட்டோ வேணாம், உனக்கும் வேணாம்" என்று சொல்லட்டும். அதைச் சொல்ல வாய் வராதவனுக்கு நாற்காலி எதுக்கு?