மிளகாயில் ஏறிய நஞ்சு

சீனத்தின் தென்மேற்கிலுள்ள குய்சோ மாகாணத்தில் அறுவடைக் காலம் குளிரும் ஈரமுமாக இருக்கும். வெயிலை நம்பி எதையும் காயப்போட முடியாது. மலைக்கிராமத்து வீடுகளில் நிலக்கரி அடுப்புக்கு மேலே மிளகாயைத் தொங்கவிட்டு உலர்த்தினார்கள். அடுப்புக்குப் புகைபோக்கி இல்லை. காடு அழிந்து விறகு அற்றுப்போனதால், பக்கத்து மலையில் தோண்டிய கரியே எரிபொருள்.

பறித்த மிளகாயில் ஆர்சனிக் என்ற நஞ்சு பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்தப் புகையில் காய்ந்த மிளகாயில் சராசரியாக 500 பங்கு இருந்தது. அதைத்தான் வீட்டார் அன்றாடம் சாப்பிட்டார்கள். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தோல் தடித்துக் காய்த்தது, உடம்பெங்கும் கரும்புள்ளிகள், சிலருக்குத் தோல் புற்றுநோய். குறைந்தது 3,000 பேருக்கு இந்தப் பாதிப்பு என்று 1999இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் அகாதமியின் ஆய்விதழ் பதிவு செய்தது.

இது நிலத்தின் சாபம் என்று கைகழுவ முடியாது. சாதாரண நிலக்கரியில் ஆர்சனிக் பெரும்பாலும் பத்து லட்சத்தில் சில பங்குகள்தான் இருக்கும். இங்கே சில கரிப்படிவங்களில் அது 35,000 பங்கு வரை, அதாவது நூற்றுக்கு மூன்றரை வரை. பாறைப் பிளவுகள் வழியே ஏறிய வெந்நீர்க் கரைசல்கள் தங்கத்தோடு ஆர்சனிக்கையும் கொண்டுவந்து கரியில் சேர்த்துவிட்டன. இத்தகைய பாறைகளில் தங்கம் தேடுவோருக்கு ஆர்சனிக்தான் வழிகாட்டி. அதைத் துல்லியமாக அளப்பார்கள். தங்கத்துக்காக அளக்கத் தெரிந்த உலகுக்கு, அடுப்பில் எரியும் கரியை அளந்து பார்க்கத் தோன்றவில்லை.

மிளகாயைத் தொங்கவிட்ட தாய் மீது பழி இல்லை. கரியைப் பார்த்து நஞ்சைக் கண்டுபிடிக்க எவராலும் முடியாது. சோதிக்காமல் தோண்ட விட்டவர்கள், சோதிக்காமல் விற்றவர்கள், இவர்கள்தான் குற்றவாளிகள். தெரியாது என்பது அவர்களுக்குச் சாக்காகாது. தெரிந்துகொள்வதே அவர்கள் வேலை. எந்த நாட்டிலானாலும், நச்சுத் தனிமங்களின் அளவை வெளியிடாமல் ஒரு கூடை கரிகூட வீட்டு அடுப்புக்குப் போகக்கூடாது.

பின்னர் நஞ்சு மிகுந்த சுரங்கங்களை மூடினார்கள், புகைபோக்கி வைத்த அடுப்புகளைக் கொடுத்தார்கள். நல்லதுதான். ஆனால் ஆர்சனிக்கால் வரும் புற்றுநோய் பல ஆண்டுகள் கழித்தும் தலைகாட்டும். அந்த வீடுகளில் வளர்ந்த ஒவ்வொருவருக்கும் ஆயுள் முழுதும் மருத்துவக் கண்காணிப்பு தர அரசு கடமைப்பட்டிருக்கிறது.