இரண்டு கைகளை எதிர்பார்க்கும் பொருள்

அண்மையில் ஒரு வீடியோ கேம் கொன்ட்ரோலரை ஒரு கையால் மட்டும் இயக்கிப் பார்த்தேன். ஒரு நிமிடம்கூடத் தாக்குப்பிடிக்க முடியவில்லை. இடது பெருவிரலுக்கு ஒரு ஸ்டிக், வலது பெருவிரலுக்கு இன்னொரு ஸ்டிக்கும் நான்கு பொத்தான்களும், சுட்டுவிரல்களுக்கு முன்விளிம்பில் விசைகள். கைகளுக்குள் கச்சிதமாக அடங்கும் வடிவம்தான். ஆனால் அந்த இரண்டு கைகளும் இருந்தாக வேண்டும்.

இந்த எதிர்பார்ப்பை மாற்ற வைத்தவர்களில் போரில் காயமடைந்தவர்களும் அடங்குவர். காயமடைந்த அமெரிக்கப் படையினருக்காக 'வோர்ஃபைட்டர் என்கேஜ்ட்' என்ற தொண்டு நிறுவனம் கொன்ட்ரோலர்களை ஒவ்வொருவரின் உடலுக்கும் ஏற்ப மாற்றிக் கொடுத்துவந்தது. அதில் ஒன்றின் படத்தை 2014இல் மைக்ரோசொப்ட் பொறியியலாளர் ஒருவர் டுவிட்டரில் கண்டார். அங்கிருந்து தொடங்கிய முயற்சி, 2018 செப்டெம்பரில் 'எக்ஸ்பொக்ஸ் அடப்டிவ் கொன்ட்ரோலர்' ஆக 99.99 டொலருக்கு விற்பனைக்கு வந்தது.

அது மடியிலோ மேசையிலோ வைக்கக்கூடிய தட்டையான பலகை. மேலே உள்ளங்கையால் அழுத்தக்கூடிய இரண்டு பெரிய வட்டப் பொத்தான்கள். பின்புறத்தில் இயர்போன் செருகும் அளவில் 19 துளைகள். கால்மிதியையோ முழங்கையால் அழுத்தும் சுவிட்சையோ அவற்றில் பொருத்தலாம். வழக்கமான கொன்ட்ரோலரில் விரல் செய்யும் வேலையை உடலின் வேறொரு பகுதி செய்யும். பொருள் வரும் பெட்டியைக்கூடப் பல்லால் கிழிக்கத் தேவையில்லை. வளையத்தை இழுத்தால் திறக்கும். 2023 டிசெம்பரில் சோனியும் பிளேஸ்டேசனுக்காக 'அக்செஸ்' என்ற வட்டவடிவக் கொன்ட்ரோலரை வெளியிட்டது.

குறை இல்லாமல் இல்லை. சுவிட்சுகளைத் தனித்தனியே வாங்க வேண்டும் என்பதால் மொத்தச் செலவு பலருக்கு எட்டாது.

காலே இல்லாதவருக்கு விளையாட்டு எதற்கு என்று எங்களில் சிலர் கேட்கலாம். 2009இல் சிறுவர்களாக இருந்து கையை இழந்தவர்கள் இன்று இளைஞர்கள். நண்பர்கள் விளையாடும்போது ஓரத்தில் இருந்து பார்ப்பது அவர்களுக்குச் சிறிய விடயமல்ல.

அமெரிக்காவில் காயமடைந்தவர்கள் படையினர். அவர்களைக் கௌரவிக்க அரசும் இருந்தது, வாடிக்கையாளராகப் பார்க்க நிறுவனங்களும் இருந்தன. எங்களிடம் அவயவம் இழந்தவர்களில் பலர் பொதுமக்கள். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 28ஆம் இலக்கச் சட்டம் இலங்கையில் 1996இலேயே வந்துவிட்டது. 2016இல் ஐ.நா. சமவாயத்தையும் அரசு ஏற்றுறுதிப்படுத்தியது. ஆனாலும் சக்கர நாற்காலியில் வருபவரைப் படிக்கட்டோடு நிறுத்திவிடும் அரச அலுவலகங்களும், கால் இழந்தவர் ஏற முடியாத உயரத்தில் மிதிபலகை உள்ள பேருந்துகளும் இன்னும் இருக்கின்றன.

அந்தக் கொன்ட்ரோலரை இங்கே இறக்குமதி செய்ய வேண்டும் என்பதல்ல என் வாதம். செயற்கைக் கால் செய்பவர் முதலில் அளவெடுப்பது மனிதரைத்தான். அலுவலகமும் பேருந்தும் வகுப்பறையும் கட்டுபவர்களிடம் நாங்கள் கேட்க வேண்டியதும் அதுதான்: யாரை அளவெடுத்துக் கட்டினீர்கள்?