பச்சைப் புள்ளி

போன மாதக் கடைசி நாள், இரவு பதினொன்றரை மணி. மாத முடிவுக் கணக்கில் ஒரு தொகை இடித்தது. என் டீமில் இருக்கிற தம்பிக்கு ஒரு மெயில் தட்டினேன். "அவசரமில்லை, நாளைக்குப் பார்த்தால் போதும்" என்றுதான் எழுதினேன். ஏழே நிமிஷத்தில் பதில் வந்துவிட்டது.

"அந்தப் பையனுக்கு இப்பதானே குழந்தை பிறந்துச்சு? அவனைத் தூங்க விட மாட்டீங்களா?" என்றாள் மனைவி. சுருக்கென்றது.

லண்டனில் வங்கி வேலை பார்ப்பவர்களுக்கு 2011 நவம்பர் நினைவிருக்கும். லாயிட்ஸ் வங்கியின் தலைமை நிர்வாகி அன்டோனியோ ஹோர்ட்டா ஒசோரியோ, பதவிக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகாத நிலையில், தூக்கமே வராமல் மருத்துவ விடுப்பில் போனார். பங்கு விலை இறங்கியது. அவர் திரும்பி வரமாட்டார் என்றே பலர் பேசிக்கொண்டார்கள். 2012 ஜனவரியில் திரும்பி வந்தார். முந்தைய வருஷத்து போனஸ் வேண்டாம் என்றார். பிற்பாடு அதைப் பற்றி வெளிப்படையாகவே பேசினார். அவ்வளவு பெரிய நாற்காலியில் இருப்பவர் 'முடியவில்லை' என்று சொன்னது எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய விஷயம்.

சேவகத் தலைமை என்று பயிற்சி வகுப்புகளில் சொல்கிறார்களே, அதை 1970-இல் எழுதி வைத்த ராபர்ட் கிரீன்லீஃப், ஏ.டி.அண்ட்.டி. நிறுவனத்தில் பல காலம் வேலை பார்த்தவர். அவர் வைத்த பரீட்சை எளிமையானது: உன்னிடம் வேலை செய்கிறவர்கள் முன்பைவிட ஆரோக்கியமாக, சுதந்திரமாக இருக்கிறார்களா?

எங்கள் வேலையில் பல இடங்களில் வருஷத்துக்கு ஒருமுறை இரண்டு வாரம் சேர்ந்தாற்போல் லீவு எடுத்தே ஆகவேண்டும். அக்கறை என்று நினைத்துவிடாதீர்கள். நாம் இல்லாதபோது நம் தில்லுமுல்லு ஏதும் இருந்தால் வெளியே வரட்டும் என்றுதான்! சந்தேகத்தில் பிறந்த விதி. ஆனாலும் நிம்மதியாகத் தூங்குவது அந்த இரண்டு வாரம்தான்.

என் முதல் மேனேஜர் ஒரு ஐரிஷ் அம்மா. திருச்சியில் அப்பா ஐ.சி.யூ.வில் என்று போன் வந்த அன்றும் மாதக் கடைசி. "நீ கிளம்பு" என்று சொல்லிவிட்டு என் நாற்காலியில் உட்கார்ந்தார். திரும்பி வந்து பார்த்தால் கணக்கில் இரண்டு இடத்தில் தப்பு. திருத்த ஒரு நாள் பிடித்தது. ஆனால் அப்பாவை உயிரோடு பார்த்துவிட்டேன்.

மறுநாள் தம்பியிடம் கேட்டேன்: "ஏன்டா, அவசரமில்லைன்னுதானே எழுதினேன்?"

"அண்ணா, உங்க பேர் பக்கத்துல பச்சைப் புள்ளி எரியுது. நான் மட்டும் எப்படித் தூங்குறது?"

மாதக் கடைசி வேலைக்கு இன்னொரு ஆள் வேண்டும் என்று என் மேலதிகாரிக்கு எழுதியிருக்கிறேன், பகலிலேயே. பதில் இன்னும் வரவில்லை.