காவல் வேறு, வேவு வேறு

1998 பிப்ரவரி 14 அன்று கோவையில், ஆர்.எஸ்.புரம் உள்ளிட்ட இடங்களில் வெடித்த குண்டுகள் 58 உயிர்களைப் பறித்தன. அக்கொடுமையை நாம் மறக்கவுமில்லை, நியாயப்படுத்தவுமில்லை. கடைவீதியில் காவல்துறை கேமரா வைப்பதையும் நாம் எதிர்க்கவில்லை. ஆனால், காவல் வேறு, வேவு வேறு.

பிறர் அந்தரங்கத்தைத் துருவுவதை அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனம் தடுக்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். எனினும், 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம், அரசு அமைப்புகளுக்கு விலக்களிக்கும் அதிகாரத்தை ஒன்றிய அரசிடமே தந்துள்ளது. வேலியே விதிக்கு விலக்கானால் பயிர் யாரிடம் முறையிடும்?

இங்கிலாந்தின் பர்மிங்காமில் முஸ்லிம்கள் மிகுந்த பகுதிகளில் 200க்கும் மேற்பட்ட கேமராக்கள் நிறுவப்பட்டன. அவற்றுக்குப் பயங்கரவாதத் தடுப்பு நிதி செலவிடப்பட்டது 2010இல் வெளிப்பட்டதும் மக்கள் எதிர்த்தனர், கேமராக்கள் அகற்றப்பட்டன.

ஆர்.எஸ்.புரத்துக் கேமராவும் கோட்டைமேட்டுக் கேமராவும் ஒரே விதிக்குக் கட்டுப்பட வேண்டும் என்பதே நம் கோரிக்கை. பதிவுகளை யார் பார்க்கிறார்கள்? எத்தனை நாள் வைத்திருக்கிறார்கள்? எப்போது அழிக்கிறார்கள்? நம் ஜமாஅத்தினர் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் இவற்றை எழுதிக் கேட்க வேண்டும். குற்றவாளியைப் பிடிக்கட்டும், குடிமக்களைக் கண்காணிப்பதற்குக் கணக்கும் சொல்லட்டும்.