கல்லாவில் நிற்பவரைக் கேட்டீர்களா?

செல்ஃப் சர்வீஸ் டிபன் கடை திறக்கிறார்கள். அடுப்பு வாங்கும்போது மாஸ்டரைக் கேட்கிறார்கள். கிரைண்டர் வாங்கும்போது மாவு ஆட்டுகிறவரைக் கேட்கிறார்கள். பில் போடும் சிஸ்டம் வாங்கும்போது மட்டும், தினமும் நூற்றுக்கணக்கான தடவை அதைத் தட்டப் போகிறவரை யாரும் கேட்பதில்லை. ஏசி ரூமில் முதலாளி, எதிரே டை கட்டிய விற்பனையாளர், லேப்டாப்பில் கலர் கலராக கிராஃப். "சார், நீங்க சிங்கப்பூர்ல இருந்தாலும் மொபைல்லயே சேல்ஸ் பாக்கலாம்." முதலாளி சிங்கப்பூர் போனதே இல்லை என்பது வேறு விஷயம் :-) அங்கேயே அட்வான்ஸ் கைமாறிவிடும்.

ஏன் மயங்குகிறார்? கல்லாவில் கை வைத்துவிடுவார்களோ என்ற பயம். பயம் புதுசில்லை. கேஷ் ரெஜிஸ்டர் பிறந்ததே இதற்காகத்தான். அமெரிக்காவில் ஒஹையோ மாநிலம் டேட்டன் நகரில் மதுக்கடை நடத்திய ஜேம்ஸ் ரிட்டி, வேலையாட்கள் காசை எடுப்பதைத் தடுக்கவே தன் சகோதரர் ஜானுடன் சேர்ந்து 1879-ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார்.

ஆனால் ஒன்று. மெஷினில் அடிக்காத விற்பனையை எந்த மெஷினும் பிடிக்காது. டோக்கன் கடையில் திருட்டைத் தடுப்பது சாஃப்ட்வேர் இல்லை, "டோக்கன் இல்லாமல் தோசை இல்லை" என்கிற கட்டுப்பாடு. அது எப்போது உடைகிறது? பில் போட நேரமாகும்போது. வரிசை வாசலைத் தாண்டுகிறது, பின்னால் ஒருவர் சத்தம் போடுகிறார். "அண்ணே, ரெண்டு பொங்கல் குடுத்துருங்க, பில்லு அப்புறம் போட்டுக்கலாம்" என்று கல்லாவிலிருந்தே குரல் வருகிறது. அந்த 'அப்புறம்' வருவதே இல்லை. திருட்டுக்குப் பயந்து வாங்கிய சிஸ்டமே பில் இல்லாத வியாபாரத்தைப் பழக்கிவிடுகிறது. ராத்திரி கணக்கு இடித்தால் யார் சம்பளத்தில் பிடிக்கிறார்கள்? டெமோ காட்டியவர் சம்பளத்திலா?

கணக்கே போட்டுப் பாருங்கள். மதியம் 12.30 முதல் 2 மணி வரை 90 நிமிடம், அதாவது 5,400 விநாடி. ஒரே கவுன்ட்டர், ஒரு பில்லுக்கு 18 விநாடி என்றால் 300 பேர். 23 விநாடி ஆனால் 234 பேர்தான். வெறும் ஐந்து விநாடிக்கு 66 பேர் குறைகிறார்கள். அதில் பாதிப்பேர் பொறுமைசாலிகள், காத்திருந்து சாப்பிடுவார்கள் என்றே வையுங்கள். மீதி 33 பேர், ஆளுக்கு 80 ரூபாய் என்றால் ஒரு மதியத்துக்கு 2,640 ரூபாய். மாதம் 26 நாளுக்கு 68,640. வருடச் சந்தாவில் இரண்டாயிரம் குறைக்கச் சொல்லி அரை மணி நேரம் பேரம் பேசுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போடுவதில்லை.

அந்த ஐந்து விநாடி எங்கிருந்து வருகிறது? நிமிஷத்துக்கு இரண்டு போகிற காபி மூன்றாவது பக்கத்தில் ஒளிந்திருக்கிறது. ஒவ்வொரு பில்லுக்கும் வாடிக்கையாளரின் போன் நம்பர் கேட்டு ஒரு பெட்டி எழும்புகிறது. பார்சலா, இங்கேயா என்று கேட்டுவிட்டு, "நிச்சயமாகவா?" என்று இன்னொரு தடவை கேட்கிறது. கடைசி நேரத்தில் ஒரு வடை சேர்க்க பில்லையே கேன்சல் செய்ய வேண்டியிருக்கிறது. இதெல்லாம் டெமோவில் தெரியாது. டெமோவில் வரிசை கிடையாதே! கல்லாவில் நிற்பவர் பத்து பில் போட்டுப் பார்த்தால் சொல்லிவிடுவார். "அவனுக்கென்ன தெரியும், பத்தாவதுதானே படிச்சிருக்கான்" என்கிறவர்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. கடை நல்லா ஓடட்டும்.

அடுத்தது நெட். எல்லாமே க்ளவுடில் இருக்கு சார் என்பது பெருமையாகச் சொல்லப்படுகிறது. 2024 மார்ச் 15 அன்று ஜப்பான், ஆஸ்திரேலியா, பிரிட்டன் என்று பல நாடுகளில் மெக்டொனால்ட்ஸ் கடைகளின் சிஸ்டம் படுத்துவிட்டது. ஹேக்கர் யாரும் வரவில்லை. வெளி நிறுவனம் ஒன்று செட்டிங்கை மாற்றியபோது வந்த வினை என்று கம்பெனியே சொன்னது. அடுப்பு இருந்தது, ஆள் இருந்தது, பசியோடு கூட்டமும் இருந்தது, ஆனாலும் பல கடைகளில் ஆர்டர் எடுக்க முடியாமல் கதவைச் சாத்தினார்கள். அவ்வளவு பெரிய கம்பெனிக்கே அந்த கதி. மழை பெய்தால் நெட் போகிற தெருவில் இருக்கிற இட்லிக் கடை எந்த தைரியத்தில் நெட் இல்லாமல் பில் போடத் தெரியாத சிஸ்டத்தை வாங்குகிறது? வாங்குமுன் வைஃபையை அணைத்துவிட்டு இருபது பில் போடச் சொல்லுங்கள். நெட் திரும்பியதும் இருபதும் வரிசை நம்பரோடு ஒழுங்காக ஏறுகிறதா என்று பாருங்கள். விற்பனையாளர் முகம் அப்போது எப்படி மாறுகிறது என்பதையும் பாருங்கள்.

சமையலறைச் சீட்டையும் விடாதீர்கள். மாஸ்டருக்குத் தமிழ்தான் வாசிக்க வரும் என்றால் அங்கே ஆங்கிலச் சீட்டு வெறும் காகிதம். பல தெர்மல் பிரிண்டர்களில் தமிழ் எழுத்துரு கிடையாது, சாஃப்ட்வேர் படமாக மாற்றி அனுப்பினால்தான் அச்சாகும். சிலது கட்டம் கட்டமாகத் துப்பும். அச்சடித்துக் காட்டச் சொல்ல வேண்டும்.

வரி விஷயம் சுருக்கமாக. காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் கடை வாடிக்கையாளரிடம் ஜி.எஸ்.டி. தனியாக வசூலிக்கவே கூடாது, பில்லில் வரி என்று வரியே வரக்கூடாது. சாதாரணப் பதிவில் இருக்கும் கடை என்றால், ஸ்விக்கி, சொமாட்டோ வழியாக விற்கும் சாப்பாட்டுக்கு 2022 ஜனவரி 1 முதல் வரி கட்டுவது அந்தக் கம்பெனிகளின் பொறுப்பு. அந்த விற்பனையைத் தனியாகப் பிரித்துக் காட்டாத சிஸ்டத்தை நம்பினால், அவர்கள் கட்டிய வரியை ஆடிட்டர் கவனிக்காமல் இன்னொரு தடவை கட்ட வைப்பார்.

கையெழுத்துப் போடுமுன் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி: சந்தாவை நிறுத்தினால் பழைய பில் விவரமெல்லாம் யாரிடம் இருக்கும்? எக்செல் ஃபைலாக முழுசாக எடுத்துக்கொள்ளலாம் என்று வாயால் சொன்னால் போதாது. ஒரு மாதக் கணக்கை அங்கேயே பென் டிரைவில் எடுத்துத் தரச் சொல்லுங்கள், ஒப்பந்தத்திலும் எழுதி வாங்குங்கள்.